எட்டாத ரயில்

“அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எட்டாத உயரத்துல ரயில் எதுக்கு மாமா?”

கொல்லையில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த கஸ்பார் நிமிரவில்லை.

ராயபுரம் எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரன் லூர்துவுக்காகத் தகரத்தில் தானே ஒரு ரயில் செய்திருந்தார். சாவி கொடுத்தால் ஓடும். மதிலோரமாகச் செங்கல் தூண்கள் எழுப்பி, அவற்றின்மேல் தண்டவாளம். தூண்கள் மருமகள் ஃப்ளோராவின் நெஞ்சுயரத்துக்கு, மதில் விளிம்பு வரைக்கும், வந்துவிட்டன.

“குனிஞ்சு வெளையாட முதுகு ஒத்துக்கலம்மா” என்றார்.

“விளையாடப் போறது நீங்களா, உங்க பேரனா?”

“ரெண்டு பேருந்தான்.”

“அவன் எப்படிப் பார்ப்பான்?”

“தோ, ஏலத்துல பட்டாளத்துக் கள்ளிப்பொட்டி ஒண்ணு எடுத்தாந்துகிறேன். ஏறி நின்னுக்குவான்.”

“விழுந்து பல்லு உடைஞ்சா?”

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அஜீசுன்னிசா சிரித்தாள்.

“இன்னா கஸ்பாரண்ணே, பேரன் பேரைச் சொல்லி நீ வெளையாடப் போறியா? பென்சன் வாங்கியும் ரயில் பைத்தியம் வுடலியே!”

ஃப்ளோராவுக்கும் அதேதான் தோன்றியது.

போன மழைக்காலத்தில் மூத்த மகள் ஆலிஸை ஒட்டுவாரொட்டித் தொண்டை நோய் கொண்டுபோனது. அன்றிலிருந்து லூர்து வாசற்படி தாண்டியதில்லை. தெருப்பிள்ளைகள் ஒருவரையும் உள்ளே விடுவதில்லை என்று மாதா படத்துக்கு முன்னால் மாமனாரிடம் சத்தியமே வாங்கியிருந்தாள். பிள்ளை நாளெல்லாம் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேச்சே குறைந்துபோயிற்று. அவனுக்கென்று ஒரு ரயில் வருகிறது, அதையும் கிழவர் தன் வசதிக்குக் கட்டுகிறார்!

ஹார்பரிலிருந்து கணவன் ஸ்டானிஸ்லாஸ் வந்ததும் முறையிட்டாள்.

“உங்க அப்பா கிட்ட சொல்லுங்க. பாதி உயரம் போதும்.”

“எஞ்சினையே அதட்டினவரு, நான் சொல்லியா கேக்கப் போறாரு?” என்று அவன் முகம் கழுவப் போய்விட்டான்.

மறுநாள் சாயங்காலம். அவள் அடுப்படியில் இருந்தாள். கொல்லையிலிருந்து ‘வீல்’ என்று ஒரு சத்தம்.

விழுந்துவிட்டான்!

“மாதாவே!” கையில் கரண்டியோடு ஓடினாள்.

லூர்து விழவில்லை. கள்ளிப்பெட்டியின்மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். ஆலிஸ் போனபின் அந்தச் சிரிப்பை வீடு கேட்டதேயில்லை. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாமல் போயிற்று.

பெட்டிமேல் ஏறியதில் அவன் தலை மதிலுக்கு மேலே வந்திருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், சந்தில், வரிசையாகத் தலைகள். அஜீசுன்னிசாவின் மகன் ரஷீது, மளிகைக்கடைக்காரர் மகள் சிவந்தி, பெயர் தெரியாத குப்பத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று.

“டேய் லூர்து, சீட்டி ஊதுடா! எண்ணூரு டேசன் வந்துகினு கீது!” என்றான் ரஷீது.

“எண்ணூருக்கு இன்னும் தொலவு கீது! இது தண்டையார்பேட்டைதான்டா!” என்று கத்தினான் லூர்து.

ஃப்ளோரா பிள்ளையைத் தூக்கப் பாய்ந்தாள்.

“பொறும்மா” என்றார் கஸ்பார். “மாதா முன்னாடி குடுத்த சத்தியத்தை நான் மீறல. ஒருத்தரையும் உள்ள வுடல. நடுவுல மதில் கீது.”

பதற்றத்தில் ரயில் சாவி அவர் கையிலிருந்து நழுவிப் பெட்டிக்கடியில் உருண்டது. சட்டென்று வளைந்து, தரையோடு தரையாகக் கையை விட்டு, அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். முதுகுக்கு ஒரு கேடும் இல்லை.

ஃப்ளோரா அவரைப் பார்த்தாள். தூண்களைப் பார்த்தாள். பிறகு மதிலைப் பார்த்தாள்.

தலைகளுக்கு நடுவே இரண்டு சின்னக் கைகள் மதில் விளிம்பைப் பற்றியிருந்தன. முகம் தெரியவில்லை. துள்ளும்போது மட்டும் ஓர் உச்சிக்குடுமி எட்டிப் பார்த்து மறைந்தது.

“எனக்கு ரயிலு தெரிலக்கா!” என்று மதிலுக்கு அப்பாலிருந்து அழுகைக்குரல்.

ஃப்ளோராவுக்குப் பயம் இன்னும் போகவில்லை. கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா...”

“இன்னாம்மா, இடிச்சிறவா?”

“தூணுல இன்னும் ரெண்டு கல்லு ஏத்துங்க. அந்தக் குட்டிக்கு எட்டல.”