தலைக்கு ஒரு பொம்மை

கேளிக்கைப் பூங்காவின் வாசல் கடையில் சின்னவன் மூன்றாவது பொம்மையையும் அணைத்துக்கொண்டான்.

“தலைக்கு ஒண்ணுன்னுதானே பேச்சு?” என்றாள் மனைவி.

“அட, விடு. கேக்குறதெல்லாம் எடுத்துக்கட்டும். நீயும் ஒரு கைப்பை எடுத்துக்கோ” என்றான் கணவன்.

‘கஞ்ச மகாபிரபுவுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?’ பூரித்துப்போய் ஒரு சிவப்புப் பையைத் தோளில் மாட்டிப் பார்த்தாள்.

பெரியவளோ தம்பியின் பொம்மைகளைப் பிடுங்கி அலமாரியில் வைத்தாள்.

“ஏன்டி, அவன் அழறான் பாரு!”

“வேண்டாம். போன தடவை வந்தப்பவும் அப்பா இப்படித்தான் வாரி வாரி வாங்கிக் கொடுத்தாரு. அம்மாவுக்கும் ஒரு பை. மறுநாள் அந்தப் பையோடதான் அம்மாவை ஊருக்கு அனுப்பினாரு. அப்புறம் திரும்பக் கூப்பிடவே இல்ல, சித்தி.”

மனைவி கணவன் பக்கம் திரும்பினாள்.

கணவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கடைக்காரரிடம் சொன்னான்: “அந்தப் பையையும் சேர்த்து பில் போடுங்க.”