பொட்டு வைத்த கார்டு

கார்டை ஃபார்மட் செய்யவா என்று கேட்டது பெட்டி.

ஆம். இல்லை.

அவள் விரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

ஆம் என்றால் பெட்டி ஓடும். கார்டில் இருப்பதெல்லாம் போய்விடும். பதினாறு சுற்றுகள். அதில் ஆவணி முதல் பதிந்த ஏழுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. எடுத்து வைக்கலாம், எடுத்து வைக்கலாம் என்று தள்ளிப்போட்ட சோம்பேறித்தனம்.

பத்தரைக்கு மண்டபத்தில் விஜயதசமிக் கச்சேரி. மணி எட்டே முக்கால்.

இல்லை என்று அழுத்தினாள்.

லூப் பெட்டி அது. காலால் ஒரு மிதி மிதித்துவிட்டுப் பாடினால் பிடித்துக்கொள்ளும். மறுபடி மிதித்தால் பாடியதையே சுற்றிச் சுற்றிப் பாடும். அதன்மேல் இன்னொரு குரல். அதன்மேல் ஒரு கைத்தட்டு. ஒருத்தியே ஒரு கோஷ்டி.

கார்டை அவள் கைக்குழந்தை மாதிரிதான் பார்த்துக்கொண்டாள். பெட்டியை அணைக்காமல் உருவ மாட்டாள். தங்க நிறத்துப் பற்களில் விரல் படவிட மாட்டாள். பழக ஒரு கார்டு, மேடைக்கு ஒரு கார்டு. மேடைக் கார்டு டப்பாவுக்குள், டப்பா அலமாரிக்குள். துணைக்குச் செருப்புப் பெட்டியில் வந்த, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம்.

இவ்வளவு செய்தும் இப்படி.

அணைத்தாள். உருவினாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

பற்களின் மேல் காய்ந்துபோன சந்தனம். நடுவில் குங்குமம்.

நேற்று ஆயுத பூஜை.

வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இந்த வீட்டில் சந்தனக் கிண்ணம் யார் கையில் இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். மாமியார் துளசிமணி. முப்பது வருஷமாகத் தையல் மெஷின் மிதிக்கிறவள். பக்கத்து அறையில் மறுபூஜைக்குச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தாள்.

கார்டைக் கையில் பிடித்தபடி எழுந்தாள். கேட்க வேண்டியதெல்லாம் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

நிலைப்படியில் கால் நின்றது.

மெஷினுக்குப் பொட்டு. கத்தரிக்குப் பொட்டு. இஞ்சு டேப்புக்கு, பாபினுக்கு, இவள் கணவனின் ஸ்பேனர்களுக்கு, மிக்ஸிக்கு, யாரும் தொடாத சைக்கிள் பம்புக்குக்கூடப் பொட்டு.

கல்யாணமாகி வந்த பிறகு இரண்டு பூஜை பார்த்திருக்கிறாள். இரண்டிலும் அவளுடைய பெட்டி மட்டும் மூலையில் வெறும் நெற்றியோடு இருந்தது. அது தொழில் சாமானா, விளையாட்டுச் சாமானா என்று துளசிமணி பேசியதே இல்லை. பொட்டு வைக்காமல் தாண்டிப் போனாள், அவ்வளவுதான். இவளும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பொட்டு என்ன பொட்டு?

ஆனால் வலித்தது.

அதனால்தான் இந்த வருஷம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். இன்று காலை முதல் பஸ்ஸில்தான் திரும்பினாள். வந்த வேகத்தில் மேடைக் கார்டை எடுத்துப் பார்க்காமலே செருகினாள்.

பெட்டி இல்லாத வீடு.

துளசிமணி அலமாரியைத் திறந்திருக்கிறாள். டப்பாவைத் திறந்திருக்கிறாள். தங்கமாக மின்னுகிற பக்கம்தான் முகம் என்று நினைத்திருக்கிறாள்.

தபால்தலை அளவு முகம். அதிலும் நட்ட நடுவில் வைத்திருந்தாள்.

துளசிமணி நிமிர்ந்தாள். மருமகள் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

“பொட்டியத் தூக்கீட்டுப் போயிட்டே. இருந்தது அது ஒண்ணுதான் அம்மிணி. நீயும் என்னாட்டக் காலுல மிதிச்சுத்தான பொழைக்கறே.”



திரும்பி வந்து உட்கார்ந்தாள். தையல் கூடையிலிருந்து பனியன் துணி வெட்டு ஒன்று. பென்சில் ரப்பர் ஒன்று. ஊதவில்லை, எச்சில் ஈரம் ஆகாது. ஒவ்வொரு பல்லாக, மெதுவாக. ரப்பர்த் தூள் மஞ்சளாக உதிர்ந்தது. துடைக்க மனசு வரவில்லை. துடைத்தாள்.

செருகினாள்.

திரை கொஞ்ச நேரம் யோசித்தது.

பதினாறு.

கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தாள். பதினாறேதான். சந்தோஷத்தில் ஒன்றும் ஓடவில்லை. தானாகவே கால் போய்ப் பதினோராவதை மிதித்தது.

தடதடவென்று தையல் மெஷின் ஓடியது.

ஆவணியில் ஒரு மத்தியானம் சுவருக்கு அப்பாலிருந்து வந்த சத்தத்தைப் பிடித்துத் தாளமாக்கிய சுற்று அது. அன்று துளசிமணி மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் மெஷின் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து வந்து கதவோரம் நின்று பெட்டியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மெஷினுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

இப்போதும் பக்கத்து அறையில் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கால் சும்மாதான் இருந்தது. மெஷினும் சும்மாதான் இருந்தது.

துளசிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் போட்டுச் சிரிக்கிறவள் இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

மருமகள் பெட்டியை அணைத்தாள். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனாள். மாமியாரின் முன்னால், கத்தரிக்கும் இஞ்சு டேப்புக்கும் நடுவில் வைத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

துளசிமணி சந்தனத்தில் விரலைத் தோய்த்தாள்.

அந்த விரல் வருவதற்குள், கார்டு இருக்கும் இடுக்கை மட்டும் இவள் தன் கட்டை விரலால் பொத்திக்கொண்டாள்.