மானிட்டருக்கு ஒரு முகம்

“ஆடாம குந்து மேரி. மூஞ்சியத் திருப்புனா கலர் மாறிப்பூடும்.”

“சோறு வடிக்கணும்யா. உன் பொட்டிக்கு வேற மூஞ்சியே கெடைக்கலியா?”

அடைக்கலமேரி அலுத்துக்கொண்டாள். காசிமேட்டு இறால் கம்பெனியில் காலையிலிருந்து நின்றபடியே இறால் உரித்துவிட்டு, அப்போதுதான் ராயபுரம் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். புருஷன் சைமன் கல்யாண வீடியோ எடுப்பவன். முன்னறைதான் அவன் ஸ்டுடியோ. ஒரு மாதமாகத் தினம் சாயங்காலம் இதே கூத்து. கேமரா முன்னால் அவள் அரை மணி நேரம் உட்கார வேண்டும். நேரில் இருக்கும் முகமும் மானிட்டரில் தெரியும் முகமும் ஒரே நிறத்தில் வரும்வரை அவன் எதையாவது திருகிக்கொண்டே இருப்பான்.

“காலத் தூக்கி அந்த ஸ்டூல் மேல வையி. அப்பத்தான் தோளு நேரா நிக்கும்.”

வைத்தாள். மறுக்க மனம் வரவில்லை. அவன் எடுத்த புளியந்தோப்புக் கல்யாணம் ஒன்றில் மெரூன் பட்டு வீடியோவில் செங்கல் நிறமாகிப்போய், பெண்ணின் அம்மா வாசலில் நின்று போட்ட சத்தம் அவள் காதிலும் விழுந்திருந்தது. இன்னொரு தடவை அப்படி ஆனால் யார் கூப்பிடுவார்கள்?

“கொஞ்சம் செவப்பாத்தான் காட்டேன்,” என்றாள்.

“கீறதுதான் வரும். இந்தக் கலருக்கு இன்னா கொறச்சலு?”

வெட்கத்தை மறைக்க அவள் முகத்தைச் சுளித்தாள். “ஆடாதன்னேன்ல!” என்றான் சைமன்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் மஜீது உள்ளே வந்தான்.

“தோஸ்து, போன மாசம் வாங்கினியே, கலர் அளக்குற மெஷினு, அதக் கொஞ்சம் குடு. ஸ்கிரீன்ல மாட்டுனா அஞ்சு நிமிசத்துல தானா சரி பண்ணிடுதாமே! மாசத்துக்கு ஒருவாட்டி போதுமாம்.”

சைமன் கண்ணைக் காட்டினான். மஜீதுக்குப் புரியவில்லை.

“அண்ணி ஏன் கேமரா முன்னாடி குந்திக்கினு கீறாங்க? அதுக்கு ஆளே வாணாமே!”

மெஷினோடு அவன் போனதும், மேரி எழுந்து இடுப்பில் கை வைத்தாள். “அப்ப ஒரு மாசமா என்ன எதுக்குய்யா குந்த வச்சே?”

சைமன் கேமராவை அணைத்தான்.

“கால்ல நரம்பு சுருட்டிக்கினு கீது, தெனம் அர மணி நேரமாவது காலத் தூக்கி வச்சிக்கினு குந்தணும்னு டாக்டரு சொன்னாரே, நீ கேட்டியா?”