காட்டு நாள்

பஸ் தரிப்பிடத்தில் யாதவி இறப்பர் சப்பாத்தைக் கழற்றி, தான் இருந்த வாங்குக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

காட்டுக்கு வர மாட்டாளாம்.

"அக்கா, மற்றவை எல்லாரும் சோதனை எழுதுகினம். நான் ஏன் எழுதேல்லை?"

உனக்கு வேறு நாள் என்றேன். காலையில் ஜெயகௌரி அன்ரி எனக்குச் சொன்னதும் அதுதான். அவர்தான் எங்கள் பள்ளிக்கூடத்தின் பொறுப்பாளர். வாசலில் வைத்துப் பாண் மாப் பெட்டியைக் கையில் தந்து, இந்த ஆறு பிள்ளைகளையும் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

நான் சந்தோசமாகத்தான் புறப்பட்டேன். வகுப்பில்லாமல் காட்டிலேயே கழிகிற காட்டு நாள் என்றால் எனக்கு உயிர்.

சுவிஸில், ஓல்டன் நகரத்துக்கு வெளியே ஒரு பழைய வீட்டில் நடக்கிற சின்ன மாற்றுப் பள்ளிக்கூடம் எங்களுடையது. மணி அடிப்பதில்லை. புள்ளி போடுவதில்லை. கட்டணம் கட்ட வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஓர் அறக்கட்டளை கட்டுகிறது. அதற்காக ஒவ்வொரு மே மாதமும் அவர்களுடைய ஆட்கள் வந்து ஒரு சோதனை வைப்பார்கள். புள்ளியே போடாத பள்ளிக்கூடத்துக்கு அந்த ஒரு நாள் மட்டும் புள்ளி வேண்டும்.

நானும் அறக்கட்டளைப் பணத்தில் இங்கே படித்தவள்தான். எங்கள் வீட்டில் பட்டம் எடுத்த முதல் ஆள். பள்ளிக்கூட வாசலில் என் படம் தொங்குகிறது. 'எங்கள் மாணவி, இன்று எங்கள் ஆசிரியை.' அப்பா அதைப் போனில் படம் பிடித்து, தான் வேலை செய்கிற ரெஸ்டோரன்ட் குசினியில் எல்லோருக்கும் காட்டினார்.

ஆசிரியர் கல்லூரி நேர்முகத்தில், ஏன் இந்த வேலை என்று கேட்டார்கள். ஒரு காட்டு நாளைப் பற்றிச் சொன்னேன்.

2009, மே மாதம். ஊரில் போரின் கடைசி நாட்கள். எனக்கு ஒன்பது வயது. வீட்டில் டிவி அணையவே இல்லை. அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதபடி இருந்தார். சமைக்கவும் ஆளில்லை. ஒரு நாள் காலை ஜெயகௌரி அன்ரி வகுப்புக்குள் வந்தார். அப்போது அவர் உதவியாளர். அத்தனை பிள்ளைகளுக்குள்ளும் என்னையும் வேறு சிலரையும் கூப்பிட்டு, சப்பாத்து மாட்டி, காட்டுக்குக் கூட்டிப்போனார். தடியில் மாவைச் சுற்றி நெருப்பில் வாட்டுகிற பாம்புப் பாண். வெளியே கரி, உள்ளே பச்சை மா. அப்படி ஒரு சாப்பாட்டை நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை.

வீட்டு நிலைமை தெரிந்துதான் என்னைத் தேடி வந்தார் என்று நினைத்தேன். நானும் ஒரு பிள்ளைக்கு அப்படி இருக்க வேண்டும் என்றுதான் ஆசிரியை ஆனேன்.

"வேற நாள் எண்டு ஆர் சொன்னது?" யாதவி விடவில்லை. "அப்பா பென்சில் எல்லாம் சீவித் தந்தவர்."

பையைத் திறந்து காட்டினாள். பார்சல் நிலையத்தில் இரவு வேலை முடித்து வந்த மனுசன் குசினிக் கத்தியால் சீவிய பென்சில்கள். கூர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை எண்டபடியா சொசேஜ் இல்லையோ?" என்று பின்னால் ஜெரோசன் மாப் பெட்டியைக் கிளறினான்.

அப்போதுதான் ஆறு முகங்களையும் ஒன்றாகப் பார்த்தேன். மத்தியானத்துக்குப் பிறகு என் மேசையைச் சுற்றியிருந்து எழுத்துக்கூட்டி வாசிக்கிற அதே ஆறு பேர். ஒருவர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

போனை எடுத்தேன்.

"அன்ரி, இவைக்கு எப்ப சோதனை?"

போனில் அன்ரிக்குப் பின்னால் கோப்பிக் கோப்பைகளின் சத்தம். யாரோ சிரித்தார்கள். அன்ரி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தணித்தார்.

"இவைக்குச் சுகமில்லையெண்டு சொல்லியாச்சு. வராத பிள்ளையளைச் சராசரியில சேர்க்க மாட்டினம். இதுகளையும் இருத்தினா சராசரி விழும், காசும் நிக்கும். பிறகு இதுகள் எங்க படிக்கிறது? பட்டம் எடுத்தனீர், இது விளங்கேல்லையோ?"

"யாதவி இப்ப வாசிக்கிறாள், அன்ரி. மாரி முழுக்க அவளோட இருந்தனான்."

"அவள் மூண்டு வரி வாசிக்க மற்றவை பக்கத்தை முடிச்சிடுவினம்."

யாதவியின் பையிலிருந்த பென்சில்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் அழுகிறேன் என்று அன்ரி நினைத்திருக்க வேண்டும். குரல் இளகியது. அந்தக் குரலை எனக்கு ஒன்பது வயதிலிருந்தே தெரியும்.

"பிள்ளையளுக்கு இது ஒண்டும் தெரிய வராது, சிவானுஜா. பாம்புப் பாணைக் குடும், இதுகள் எல்லாத்தையும் மறந்திடுங்கள். உமக்கும் அண்டைக்குத் தெரியேல்லைத்தானே."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது.

போனை அணைத்தேன். குனிந்து, வாங்குக்குக் கீழே கிடந்த சப்பாத்தை எடுத்து யாதவியின் காலில் மாட்டினேன். காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். விடவில்லை. மற்றச் சப்பாத்துக்குத் தானே காலை நீட்டினாள்.

மாப் பெட்டியை ஜெரோசனிடமிருந்து வாங்கிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டேன். அவன் வாயைப் பிளந்தான்.

சாரதிக்கு எங்கள் பள்ளிக்கூடத்தைத் தெரியும். பிள்ளைகளின் சப்பாத்துகளைப் பார்த்துவிட்டு, காட்டுக்குத்தானே, ஏறுங்கள் என்றார்.

"இல்லை," என்றேன். "எங்களுக்கு இன்றைக்குச் சோதனை."