மான் குறுக்கே வந்தால்

"பைக்கில போகேக்க மான் குறுக்க பாய்ஞ்சால் என்ன செய்ய வேணும்?" குலசிங்கத்தார் சிரிக்காமல் கேட்டார்.

இராகுலன் கதிரை நுனியில் நிமிர்ந்தான்.

"பதறப்படாது ஐயா. முன் பிரேக், பின் பிரேக் ரெண்டையும் சேர்த்து, சறுக்காமல் பிடிக்க வேணும்."

"கண்?"

"மானைப் பார்க்கவே கூடாது. தப்பிற வழியைத்தான் பார்க்க வேணும். கண் எங்க போகுதோ, பைக்கும் அங்கதான் போகும்."

"நிச்சயமா?"

"ஓம் ஐயா!"

தேறிவிட்டோம் என்று இராகுலன் மூச்சு விட்டான். குலசிங்கத்தார் எழுந்து ஜன்னலைத் திறந்தார். வெளியே, சற்று முன் அவன் இடித்து விழுத்திய வேலி கிடந்தது. செவ்வரத்தைச் செடிக்குள் அவனுடைய பைக்.

"நீர் சொல்லுற மாதிரி, கோட்டைப் பக்கம் திரியிற மான் இங்க அன்புவழிபுரத்துக்கு வந்ததே புதினம். அதை விடும். மானைப் பார்க்காத ஆள், எங்கட வளவுக்குள்ள எதைப் பார்த்தனீர்?"

தேத்தண்ணி கொண்டுவந்த மகள் கஜந்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் தலையில் அப்போதுதான் பறித்த செவ்வரத்தம்பூ.

இராகுலன் நிலத்தைப் பார்த்தான்.

"வேலியைக் கட்டிப்போட்டுப் போம்," என்றார் குலசிங்கத்தார். "ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு, படலையைத் திறந்து வாரும்."