பின்வாசல் பள்ளம்

பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. சந்து வழியாகப் பின்வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சிமெண்ட் தரையைக் காணோம்.

துவைக்கிற கல்லிலிருந்து சமையலறைக் கதவு வரைக்கும் டைல்ஸ். சந்தன நிறம். ஓரத்தில் பூக்கொடி வேறு.

சமையலறைக்கென்று அவளே கடை கடையாய் ஏறிப் பொறுக்கிய டைல்ஸ்தான். சமையலறையையும் குளியலறையையும் மட்டும் புதுசாக்கச் சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். பின்வாசலைத் தொடச் சொல்லி யார் சொன்னது?

காண்ட்ராக்டர் தங்கமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முகமெல்லாம் சிரிப்பு. நல்ல வார்த்தை நாலு வரும் என்று காத்திருந்தான்.

“மீந்துபோன டைல்ஸுங்க டீச்சர். வீணாப் போவானேன்னு இங்க ஒட்டி உட்டேன். இதுக்குக் கூலியெல்லாம் வேண்டாமுங்க.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

“அங்க ஒரு கால்தடம் இருந்துச்சே!”

“தடமுங்களா? அது பள்ளமுங்க. தண்ணி நின்னு பாசி புடிச்சுக் கெடந்துச்சு. தனியா இருக்கறீங்க, வழுக்கி உழுந்துட்டா ஆரு பாக்கறது?”

நல்லவன்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் நறுக்கென்று நாலு கேட்டுவிடலாம்.

பள்ளமாம்!

வீடு கட்டி முடிக்கிற சமயம். பின்வாசலுக்குச் சிமெண்ட் பூசிவிட்டுக் கொத்தனார் அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் தூறல் பிடித்துக்கொண்டது. அவள் புருஷன் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஈரத் தரையில் ஒரு சொட்டு விழக் கூடாதாம்.

சொட்டு விழவில்லை. அவர்தான் விழப் பார்த்தார். ஒரு காலை ஊன்றித் தப்பித்தார்.

ரப்பர் செருப்பு அப்படியே பதிந்துவிட்டது. தேய்ந்த குதிகால் உட்பட.

அவள் அடுப்படியிலிருந்தே கத்தினாள். கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது என்று கேட்டாள். புது வீட்டுக்கு இப்படியொரு திருஷ்டியா என்று கேட்டாள். அவர் சாக்கை நிதானமாக விரித்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“கெடக்கட்டும் உடு. பட்டா போட்டாச்சு.”

எத்தனை வருஷம் அந்தத் தடத்தைத் திட்டியிருப்பாள்! சோப்புத் தண்ணீர் அதில்தான் போய்த் தேங்கும். மழை விட்டால் தவிட்டுக்குருவி குளிக்க வரும். மகள் அரளிப்பூவைப் போட்டு அதில் சுற்றவிடுவாள். ஈரத்துணி வாளியோடு வரும்போதெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டுதான் அவள் வர வேண்டும்.

அவர் போன பிறகும் சுற்றிக்கொண்டுதான் வந்தாள். மிதிக்க மனசு வரவில்லை.

இனி எதைச் சுற்றுவது?

“எல்லாத்தையும் ஒடைச்சு எடு.”

“ஏனுங்க, பழைய தரை மேலயே பசை போட்டு ஒட்டுனதுங்க. ஒடைச்சா அடிச் சிமெண்டும் சேந்து பேந்துக்கும். அப்பறம் தடமும் இருக்காது, தரையும் இருக்காது.”

“அப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுமல்ல?”

உடைத்தாலும் போச்சு, விட்டாலும் போச்சு.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிரம்பே எடுக்காமல் ஒரு பள்ளிக்கூடத்தை அடக்கிவைத்தவள், காண்ட்ராக்டர் முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

தங்கமுத்துவின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் ரோஷக்காரன். தன் வேலையை யாரும் சொட்டை சொல்லிவிடக் கூடாது.

“நீங்க கோவிச்சுக்கங்க, பரவால்ல. ஆனா வேலை சுத்தமுங்க. வேணுமின்னாத் தட்டிக் காட்டறேன்.”

குந்தி உட்கார்ந்து, பூச்சுக் கரண்டியின் கைப்பிடியால் டைல்ஸைத் தட்டினான். டக். அடுத்ததைத் தட்டினான். டக். அவள் கேட்கிறாளா என்று நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போனான்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் சத்தம் மாறியது.

டொப்.

மறுபடியும் தட்டினான். டொப்.

“அட கருமம்! அந்தப் பள்ளம் இருந்த எடமுங்க. பசை உள்ள எறங்காம மேலயே நின்னுபோச்சு. அடியில வெறும் காத்து.”

அவள் பையைக் கீழே வைத்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து குந்தினாள். விரலை மடக்கித் தானே தட்டிப் பார்த்தாள்.

குதிகாலிலிருந்து தொடங்கினாள். டொப். நடுப்பாதம். டொப். கட்டைவிரல். டொப்.

அதைத் தாண்டினால் டக்.

அவர் செருப்பின் அளவு அவளுக்கு மறக்குமா?

“இதொண்ண மட்டும் பேத்துட்டு, நல்லாக் கலவை ரொப்பி ஒட்டிக் குடுத்தர்றனுங்க. நாளைக்கு வேற கொத்தனாரு வந்து தட்டிப் பாத்தா எம்பேரு என்னாகறது?”

சொல்லிக்கொண்டே கரண்டி முனையை இடுக்கில் வைத்தான்.

அவள் அந்த டைல்ஸ் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

“கையை எடு, தங்கமுத்து.”

“வெத்து எடமுங்க டீச்சர். ஆராவது மிதிச்சா ஒடைஞ்சு போயிரும்.”

“ஆரும் மிதிக்க மாட்டாங்க. கெடக்கட்டும் உடு. பட்டா போட்ட எடம்.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாவற்றையும் உடைக்கச் சொன்னதும் இந்த டீச்சர்தான், இருக்கிற ஒரே ஓட்டையைத் தொடாதே என்பதும் இந்த டீச்சர்தான். தலையைச் சொறிந்தபடி சாமான்களை வாரிக்கொண்டு கிளம்பினான்.

அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.