இருமல் இல்லாத குரல்

எடிட்டிங் அறையில் ஏசி மட்டும் முனகுகிறது. கல் உடைக்கும் ஆலைகளின் தூசியால் நுரையீரல் கெட்டுப்போனவர்களைப் பற்றிய ஆவணப்படம் ஓடுகிறது. போன மாதம் இறந்த தொழிலாளி திரையில் தங்குதடையில்லாமல் பேசுகிறான். ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருக்கும் அவன் மனைவியின் கை, அவன் ஒரு வாக்கியத்தை முடிக்கும்போதெல்லாம் முதுகைத் தடவிவிடத் தானாக எழுகிறது. வெறுங்காற்றில் நின்று மடியில் விழுகிறது. எடிட்டர் அந்தக் கையையே பார்க்கிறான். "இருமலே காணோமே தம்பி?" என்கிறாள். "பேச்சு தெளிவா கேக்கணும்லக்கா. ராத்திரி பகலா உக்காந்து ஒண்ணு விடாம வெட்டி எடுத்துட்டேன்." பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தவனுக்குக் கடைசியில் குரல் இறங்கிவிடுகிறது. "நாங்க ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்ல. ஒரு டாக்டராலயும் முடியலையே," என்கிறாள் அவள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். திரையில் அவள் கணவன் தெளிவாகப் பேசிக்கொண்டே போகிறான். அவள் கை மறுபடி எழுகிறது.